முப்பத்தெட்டு நொடி

ஆகஸ்ட் 5

தினமும் என்ன எடுத்தோம், என்ன வெட்டினோம் என்று நோட்டில் எழுதி வரவேண்டும் என்று மெர்லின் மேடம் சொல்லிவிட்டார். முதல் நாளே வீட்டுப்பாடம்! ப்ளஸ் டூ முடித்துப் பதினெட்டு வருஷம் கழித்து உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போடுகிறேன். இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று மேடத்துக்குக் காட்ட. இது எனக்கு.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி. பெண்களுக்கு இலவச வீடியோ எடிட்டிங் பயிற்சி, முப்பது நாள். பதினான்கு பேர் இருக்கிறோம். பாதிப் பேருக்குக் கல்யாண வீடியோ கடையில் வேலைக்குச் சேர ஆசை. ஒருத்தி சமையல் சேனல் தொடங்கப் போகிறாளாம்.

"சங்கரேஸ்வரிக்கா, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று மேடம் கேட்டார். அவருக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும்.

"வீட்ல சும்மா இருக்க முடியல மேடம்" என்றேன். அதில் பொய் இல்லை.

ஆகஸ்ட் 6

யாரிடமும் சொல்ல முடியாததை இதிலாவது எழுதித் தொலைக்கிறேன்.

மே 21-ஆம் தேதி பகல் பதினொன்று ஐம்பதுக்கு எங்கள் ஊர் பயராபீஸில் ஒரு ரூம் வெடித்தது. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் காளிராஜும் நான்கு பெண்களும் அதில் போய்விட்டார்கள். வெடி மருந்தைத் தனி ரூமில் வைத்துத்தான் கலக்க வேண்டும். ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற ரூமில் கலக்கவே கூடாது. காளிராஜ் தன் இஷ்டத்துக்கு அங்கேயே கலந்தார், அதனால்தான் வெடித்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்? நான்கு பெண்களைக் கொன்றவர் என்று அவர் பெயர் காகிதத்தில் ஏறிவிட்டது. கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது. அங்கே அந்தப் பழியைத் துடைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

என்னிடம் ஒரு வீடியோ இருக்கிறது. அன்றைக்குக் காலை ஒன்பது நாற்பதுக்கு அந்த ரூமுக்குள் இருந்து எடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டரை நிமிடம். நான் அதைக் காரியம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். அதற்கு முன்னால் பார்க்கவில்லை. அவருடைய போன் எரிந்துவிட்டது. ஆகவே அது என் போனில் மட்டும்தான் இருக்கிறது.

அதில் "இங்கனயே வச்சுக் கலக்கு" என்று ஒரு குரல் கேட்கும். அது என் அண்ணன் வனராஜ். அங்கே போர்மேன் அவன்தான்.

அண்ணனை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் போதும். ஏதாவது ஸ்டூடியோவில் கொடுத்து வெட்டலாம்தான். சாயந்தரத்துக்குள் ஊரே பார்த்துவிடும். அதனால்தான் நானே படிக்க வந்தேன்.

ஆகஸ்ட் 8

நேற்று வகுப்புக்குப் போகவில்லை. காலையில் குழாயடியில் மாடத்தி அக்கா என் குடத்தை எட்டி உதைத்துவிட்டாள். அவள் மகள் சுகன்யாவும் அந்த ரூமில்தான் இருந்தாள். பத்தொன்பது வயது. இந்த ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"எம் புள்ளைய எரிச்சவன் பொண்டாட்டிக்குத் தண்ணி ஒரு கேடா?" என்றாள்.

என் வாய்க்கு வேறு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நேற்று உருண்டு போன குடத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். வந்து படுத்தவள் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். மகள் அபிநயா ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூட பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் பள்ளி திறந்ததிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது. அவளாகச் சொல்லவில்லை, கண்டக்டர் சொன்னார்.

நேற்று ஃபைல்களை எப்படிச் சேர்த்து வைப்பது என்று நடத்தினார்களாம். பக்கத்து சீட் ஜாஸ்மின் சொன்னாள். சேமிக்கிறதுக்கெல்லாம் ஒரு பாடமா! பட்டனை அமுக்கினால் தன்னால் சேமித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் 12

போனை எப்படிப் பிடிப்பது என்று இன்று முழுக்கப் பாடம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும். அதற்குள் போனை அசைக்கக் கூடாது. எல்லாரும் கன்னாபின்னாவென்று ஆட்டிக்கொண்டே எடுத்தோம். "வாந்தி வருதுக்கா உங்க வீடியோவப் பாத்தா" என்று மேடம் சிரித்தார்.

என் வீட்டுக்காரர் எடுத்தது ஆடவே இல்லை. மருந்து அள்ளுகிற கை. பதறாமல் வேலை செய்தே பழகிய கை அது.

ஆகஸ்ட் 14

போன் நிறைந்துவிட்டது. எதை அழிப்பது என்று தெரியாமல் கோலம் போடும் வீடியோக்களை எல்லாம் அழித்தேன்.

ஆகஸ்ட் 16

இன்று கத்தியைக் கையில் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரில் கத்தி மாதிரியே ஒரு படம் இருக்கிறது. நாம் எடுத்த வீடியோ ஒரு நீள ரிப்பன் மாதிரிக் கீழே படுத்திருக்கும். அதற்கு டைம்லைன் என்று பெயர். வேண்டாத இடத்தின் இரண்டு பக்கத்திலும் கத்தியை வைத்து நறுக்கி, நடுத் துண்டைத் தூக்கிவிட்டால் மீதி இரண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஆள் தலை வெடுக்கென்று ஆடும். அதை மறைக்க அந்த இடத்தின் மேல் வேறு ஒரு காட்சியைப் போட்டு மூட வேண்டும்.

ஒரு பூக்காரம்மாவின் பேட்டியைக் கொடுத்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை "வந்து, வந்து" என்கிறாள். இருபத்திரண்டு "வந்து"வை எடுத்தேன். ஒட்டிய இடமெல்லாம் அவள் தொடுக்கிற மல்லிகையைப் போட்டு மூடினேன். மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"வெட்டுனதே தெரியலக்கா! இதுக்கு முன்னால எங்கயாவது வேல பாத்தீங்களா?"

பிறந்ததிலிருந்து என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது எதற்காக இதைப் படிக்கிறேன் என்று நினைவு வந்தது.

ஆகஸ்ட் 20

ஜாஸ்மினை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, ஒன்றும் நினைக்காமல் சும்மா வெளியே பார்க்கச் சொல்லி எடுத்தார் மேடம். அதற்குப் பிறகு பாயசக் கிண்ணத்தைப் போட்டார். "பாவம், பசி" என்றோம். அதே முகத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலைப் போட்டார். "அழப் போறா" என்று ஒருத்தி உச்சுக் கொட்டினாள். முகம் ஒன்றுதான், மாறவே இல்லை.

"ஒண்ணுக்குப் பக்கத்துல எத வைக்கிறோமோ அதுதான் அர்த்தம்" என்றார் மேடம். எல்லாரும் எழுதிக்கொண்டோம். நானும் எழுதினேன்.

ஆகஸ்ட் 21

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போனதும் அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். இதுவரை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பெரிய திரையில் சுகன்யாவின் வளையல்கூடத் தெரிகிறது.

முதலில் ரூமைச் சுற்றிக் காட்டுகிறார். "ஒரு ரூமுக்கு நாலு பேர்னு போர்டு எழுதிப் போட்டிருக்கான். எண்ணிக்கோ, ஒம்போது பேர்" என்கிறார். பெண்கள் சிரிக்கிறார்கள். ஒரு நிமிடம் பத்தாவது நொடியில் அண்ணன் வாசலில் வந்து நின்று சொல்கிறான். "ஏ காளி, கலவ ரூமுக்கெல்லாம் போய்ட்டு வர நேரமில்ல. மருந்த இங்கனயே வச்சுக் கலக்கு. லோடு சாயந்தரம் போகணும்." பதினோரு நொடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினோரு நொடிதான் அண்ணன்.

அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் வெடிக்கும்போது வெளியே களத்தில் பட்டாசைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இது தெரியும். விசாரணையில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கும் அதே கேட்டுக்குள்தானே அவர்கள் போகவேண்டும்.

ப்ராஜக்டைச் சேமித்தேன். போனில் இருந்ததை அழித்தேன். அபிநயா சும்மா சும்மா என் போனை எடுக்கிறாள், அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. நாளைக்குச் சந்தையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் இடம் வேண்டும்.

ஆகஸ்ட் 23

அண்ணன் வந்தான். ஓட்டை விழுந்த கூரைத் தகட்டை மாற்றிக் கொடுத்தான். அபிநயாவுக்குச் சைக்கிள் டியூப் வாங்கி வந்திருந்தான். காபி கொடுத்தேன்.

"என்னமோ கம்ப்யூட்டர் படிக்கிறியாமே?"

"ஆமாண்ணே. வீடியோ வெட்டி ஒட்டுறது."

டம்ளரைக் கீழே வைத்தான். "காளி அன்னைக்கு ஒனக்கு எதும் அனுப்பிச்சானா தாயி? போனப் பிடிச்சிக்கிட்டு நின்ன மாதிரி ஒரு ஞாவகம்."

"ஒண்ணும் வரலண்ணே" என்றேன்.

அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போகும்போது "நான் இருக்கேன்ல" என்றான். காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்து என் தலையில் போட்டவனும் அவன்தான். அவன் போடும்போது சேலை இரண்டு தடவை கீழே விழுந்தது. நாளைக்கு அபிநயா சடங்காகி உட்கார்ந்தால் தாய்மாமனாக முன்னால் நிற்க வேண்டியவன். எனக்கு இருப்பது இந்த ஒரு கூடப் பிறந்தவன்தான். அவனை உள்ளே தள்ளிவிட்டு நான் யாரிடம் போய் நிற்பேன்?

ஆகஸ்ட் 26

வெட்டிவிட்டேன்.

ஒன்று பத்தில் ஒரு கத்தி, ஒன்று நாற்பத்தெட்டில் ஒரு கத்தி. முப்பத்தெட்டு நொடி போய்விட்டது. அண்ணனுக்குப் பிறகு வருவதெல்லாம் தேவையில்லாத பேச்சு. வீட்டு விஷயம்.

ஒன்று நாற்பத்தெட்டுக்குப் பிறகு அவர் பெண்களைப் பார்த்து, "சரி, நான் இங்கனயே கலக்குறேன். நீங்கள்லாம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்கிறார். அதைக் கட்டாயம் வைக்க வேண்டும். எத்தனை பதவிசாக மற்றவர்களைத் தள்ளி உட்காரச் சொல்கிறார் பாருங்கள்! அந்த மனுஷனையா கொலைகாரன் என்கிறார்கள்? ஆனால் "சரி" அந்தரத்தில் தொங்கியது. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது. கேள்வி போன பிறகு பதில் எதற்கு? அந்த "சரி"யையும் நறுக்கினேன். ஒட்டிய இடத்தின் மேல் மருந்து வாளிகளைக் காட்டிய துண்டைப் போட்டு மூடினேன். மூச்சுச் சத்தம்கூடத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. நாற்பது தடவை போட்டுப் பார்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து மாவாட்டினேன். கை வலிக்க வலிக்க ஆட்டினேன்.

ஆகஸ்ட் 29

வெட்டிய வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றினேன். மாதக் கடைசியில் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்வார்களாம், அவரவர் ப்ராஜக்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதையும் இன்னொரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். வெட்டாத முழு வீடியோ, வெட்டிய துண்டு எல்லாம் அதில் இருக்கிறதே, பெரிதாக இருக்கும் என்று பயந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. இத்தனை சிறிதாக அடங்கிவிட்டது!

செப்டம்பர் 1

ஞாயிறு. துணி துவைத்தேன். அவருடைய சட்டைகளையும் துவைத்துக் காயப் போட்டேன்.

செப்டம்பர் 4

கோட்டாட்சியர் ஆபீஸில் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கோட்டாட்சியர் ஒரு அம்மா, அதிகம் பேசாதவர். கம்பெனி வக்கீல் இருந்தார். செத்துப்போன நான்கு பெண்களின் வீட்டாரும் இருந்தார்கள். அண்ணன் எனக்குத் துணையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பென்டிரைவைக் கொடுத்தேன். அண்ணன் முகம் செத்துவிட்டது. "ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கிட்டேன்" என்று அவன் காதில் சொன்னேன். சுவரில் போட்டார்கள். முதலில் ரூம், ஒன்பது பேர். சுகன்யா சிரிக்கிற சத்தம் கேட்டதும் மாடத்தி அக்கா வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டாள். பிறகு மருந்து வாளிகள். பிறகு அவர் குரல்.

"நான் இங்கனயே கலக்குறேன். நீங்கள்லாம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

வக்கீல் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு எழுந்தார்.

"மேடம், ஒன்பது பேர் இருந்தது தப்புதான். அதுக்கு என்ன உண்டோ கம்பெனி ஏத்துக்கும். ஆனா கலந்தது யார்னுதானே கேள்வி? யாரும் சொல்லல, அவராவே சொல்றாரு, இங்கயே கலக்குறேன்னு. கொண்டு வந்து கொடுத்ததும் அவர் மனைவிதான். இதுக்கு மேல எங்களுக்குச் சாட்சி வேண்டாம்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவே இல்லை. நாற்பது தடவை பார்த்தபோதும் அண்ணன் குரல் என் காதில் இருந்துகொண்டே இருந்தது. வெட்டிய பிறகும் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே உட்கார்ந்திருந்த மற்ற யாருக்கும் அது கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டதெல்லாம் ஒரு ஆள், சிரித்த குரலில், ஒன்பது பேர் நடுவில் உட்கார்ந்து, நானே கலக்குறேன் என்று சொன்னது. கம்பெனி காகிதத்தில்தான் எழுதியிருந்தது. நான் அதைப் படமாகவே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மாடத்தி அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பாவி! தள்ளி உக்காரச் சொல்லிட்டுல்ல கொன்னிருக்கான்! தெரிஞ்சே கொன்னிருக்கான்!"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பேசவில்லை. என் நாக்கை இழுத்து வைத்து அறுத்தால்தான் என்ன!

வேறு எதுவும் கொடுக்க வேண்டுமானால் 11-ஆம் தேதி கொண்டு வரச் சொன்னார் கோட்டாட்சியர்.

செப்டம்பர் 5

முழு வீடியோவையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துதான் வகுப்புக்குப் போனேன். அண்ணன் போனால் போகட்டும். ப்ராஜக்டைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. "மீடியா ஆஃப்லைன்" என்று மட்டும் எழுதியிருந்தது. மறுபடி மறுபடி திறந்தேன். சிவப்புதான்.

வெட்கத்தை விட்டு மேடத்தைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ப்ராஜக்ட்டுக்குள்ள வீடியோ இருக்காதுக்கா. வீடியோ எங்க இருக்கு, எந்த எடத்துல வெட்டணும்ங்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கும். மூணாவது நாளே அதத்தானே நடத்தினேன்?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து படுத்த நாள்.

கம்ப்யூட்டரை முப்பதாம் தேதியே துடைத்துவிட்டார்கள். மேடம் என் போனைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினார். அழித்த இடத்தின் மேல் சந்தை வீடியோவை எடுத்து நிரப்பிவிட்டேனாம், மீட்க முடியாதாம். கத்தரிக்காயும் வெங்காயமும் எடுத்து என் வீட்டுக்காரர் மேல் கொட்டியிருக்கிறேன்.

கடைசியாக வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் திறந்து, மங்கலாகத் தெரிந்த அந்தப் படத்தைத் தொட்டேன். இந்த வீடியோ உங்கள் போனில் இல்லை, மீண்டும் அனுப்பும்படி அனுப்பியவரிடம் கேளுங்கள் என்று வந்தது.

யாரிடம் கேட்பேன்? பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அந்தப் படத்துக்குக் கீழே இருப்பதைப் பார்க்காமல் போனை அணைத்தேன்.

செப்டம்பர் 6

அண்ணன் வீட்டுக்கே போனேன். மதினி கடைக்குப் போயிருந்தாள். அதுவும் நல்லதுதான்.

"அண்ணே, நான் வெட்டுனது ஒன்னையத்தான். நீ சொன்னத நீயே போயிச் சொல்லிரு."

"எங்கிட்ட மேனேஜர் சொன்னாரு. நான் காளிட்டச் சொன்னேன். வேணும்னா சொன்னேன்?" அவன் அழுதான். மீசை நனைய அழுதான். "நான் உள்ள போயிட்டா ஒனக்கும் புள்ளைக்கும் யாரு தாயி இருக்கா? போனவன் போயிட்டான். அவன் பேரு கெட்டா அவனுக்கா வலிக்கப் போவுது? நீ வெட்டுனது ஒரு வகையில நல்லதாப் போச்சு."

"நல்லதாப் போச்சா!"

"பின்ன? இப்ப ஒரு ஆதாரமும் இல்லல்ல."

வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தேன். ஒரு செருப்பு அவனுடையது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், கூரை எரவானத்துப் பக்கம் வீசி எறிந்தேன்.

செப்டம்பர் 9

ஒரு ஆதாரம் இருக்கிறது. மூன்றரை மாதமாக எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 11

இன்று பென்டிரைவ் எதுவும் கொண்டு போகவில்லை. போனையே கொடுத்தேன். அதே ரூம், அதே ஆட்கள். அண்ணனும் வந்திருந்தான், எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், போன வாரம் நான் குடுத்தது வெட்டுன வீடியோ. வெட்டுனது நான்தான்" என்றேன். வக்கீல் எழுந்தார். கோட்டாட்சியர் அவரைக் கையமர்த்தினார்.

"முழு வீடியோ எங்கம்மா?"

"தொலச்சுட்டேன் மேடம். ஆனா அதுக்கு நான் பதில் அனுப்புனேன். அது இருக்கு."

இந்த நோட்டிலும் பொய்தான் எழுதி வைத்திருக்கிறேன். காரியம் முடிந்துதான் பார்த்தேன் என்பது பொய். மே 21-ஆம் தேதி ஒன்பது நாற்பத்தைந்துக்கே பார்த்துவிட்டேன். துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன், கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். முப்பத்தெட்டு நொடியில் அண்ணனுக்குப் பதினொன்றுதான். மீதி இருபத்தேழும் எனக்கு. அண்ணன் அந்தப் பக்கம் போனதும் அவர் போனைத் தன் முகத்துக்குத் திருப்புகிறார். குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். "கேட்டியா சங்கரி ஒங்கண்ணன் சொல்றத? எனக்குப் பயமா இருக்கு. இத்தன பேரு இருக்காக. மருந்து எடுத்துட்டு வர பதினொரு மணி ஆயிரும். அதுக்குள்ள நீ ஒரு வார்த்த சொல்லு, முடியாதுன்னுட்டு வந்துர்றேன். ஒங்கண்ணன் கோவிச்சுக்குவாருன்னுதான் பாக்குறேன். நீ சொல்லு."

அதைத்தான் வெட்டினேன். அண்ணனுக்காக வெட்டுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வெட்டினேன்.

கோட்டாட்சியர் நான் காட்டிய இடத்தைத் தொட்டார். மே 21, ஒன்பது ஐம்பத்திரண்டு. என் குரல் அந்த ரூம் முழுக்கக் கேட்டது. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம்கூட.

"எங்கண்ணன் அங்கனயே வச்சுக் கலக்கச் சொன்னா கலந்து குடுங்க. அவருக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு? சும்மா நொய்நொய்னு வேலையப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து நிக்காதீங்க, ஆமா."

பதினோரு நொடி. அண்ணன் பேசியதும் பதினொன்றுதான்.

"இது யார் குரல்?"

"என் குரல் மேடம்."

"அண்ணன்னு சொல்றது?"

கையை நீட்டிக் காட்டினேன். இறக்கவில்லை. அண்ணன் எழுந்து நின்றான். வக்கீல் அவனிடம் என்னவோ கிசுகிசுத்தார். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. "சொன்னேன் மேடம். மேனேஜர் சொன்னாரு, நான் சொன்னேன்" என்றான். அதை எழுதிக்கொண்டார்கள். ஒரு கான்ஸ்டபிள் வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டார். காளிராஜ் தன் இஷ்டத்துக்குக் கலந்ததாகக் கம்பெனி கொடுத்ததைக் கோட்டாட்சியர் தள்ளி வைத்துவிட்டார், மேலிடத்தின் உத்தரவுப்படி கலந்தார் என்று எழுதினார். எனக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். போனை உறையில் போட்டு அரக்கு வைத்து எடுத்துக்கொண்டார்கள்.

அவர் பெயரைத் துடைத்துவிட்டேன். துடைத்தது என் இந்தக் குரலை வைத்துத்தான்.

வெளியே வந்தேன். மாடத்தி அக்கா படியில் நின்றுகொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போய் நின்றேன். அவள் கையை ஓங்கவில்லை. மூன்றரை மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"நீ வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வந்திருப்பானாடி?"

"வந்திருப்பாருக்கா" என்றேன். "ஒடனே வந்திருப்பாரு."